கொசுவின் பங்கு

அந்தக் கைத்தட்டல் தாளத்தில் இல்லை.
நன்றாகக் கேளுங்கள்:
மூன்றாம் தட்டு முடிந்து நான்காவது விழுமுன்
சந்தில் புகுந்தாற்போல் ஒரு 'டப்'.
எண்பத்து நான்கு ஜூலை, சசுவோலோ,
டைல்ஸ் கிடங்கின் பின்னறை.
வோல்மெர் இரு கைக்கு நடுவே கொன்ற கொசு அது.

போ சமவெளியின் கோடை தெரியாதவர்களுக்கு:
காற்று அங்கே பிழியாத துணி.
மின்விசிறி போட்டால் மைக்கில் விழும்.
கதவைத் திறந்தால் லாரி விழும்.
அடைத்த அறைக்குள் நாங்கள் மூவர்,
வாடகைக்கு எடுத்த ஒரு சிந்தசைசர்.
காலை ஆறுக்கு அதைத் திருப்பித் தரவேண்டும்.

பகலில் நான் பெட்டி கட்டுபவள்,
நிவெஸ் பெர்கொன்ஸீனி, முதல் ஷிப்ட்.
குரல் பரவாயில்லை என்று கான்டீனில் பேச்சு.
ஆங்கிலம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை,
எழுதியவனுக்கே தெரியாதபோது.

வோல்மெரின் பள்ளிக்கூட அகராதியில்
'எஸ்' தொடங்கிக் கடைசிவரை பக்கங்கள் இல்லை.
அவன் தங்கை எதற்கோ கிழித்திருந்தாள்.
ஆகவே எங்கள் பாட்டில்
ஸாரி இல்லை, ஸாரோ இல்லை, டியர்ஸ் இல்லை.
'க்ரை' இருந்தது உண்மை,
மெட்டில் உட்கார மாட்டேனென்றது.
மிச்சச் சொற்களை வைத்து அவன் கட்டியதுதான்
'லெமன் மண்டே'.
எலுமிச்சைத் திங்கட்கிழமை.
பொருள் கேட்டு வந்த பத்திரிகைக்காரர்களுக்கு
ஆளுக்கொன்று சொல்லி அனுப்பினான்.
இவ்வளவு குதூகலம் எங்கிருந்து வந்தது என்பார்கள்.
கிழிந்த இடத்திலிருந்து.

அன்றிரவு யாரும் குதூகலமாயில்லை.
ஒலிப்பதிவு செய்த டொரான்டோவின் சட்டைப்பையில்
மனைவியின் வக்கீல் அனுப்பிய கடிதம்.
எனக்கு மாதவிடாய் வலி.
சிரித்துக்கொண்டே பாடு என்றான் வோல்மெர்.
பல்லைக் கடித்துக்கொண்டு பாடினேன்.
நாடாவில் இரண்டும் ஒன்றாய்த்தான் கேட்கிறது.
கடைசிப் பதிவில் அந்த 'டப்'.
அழித்துவிடலாமா? மணி ஐந்தே முக்கால்.
இருந்துவிட்டுப் போகட்டும்.

கூலி: ஒன்றரை லட்சம் லிரா,
இரண்டாந்தர டைல்ஸ் நாலு பெட்டி.
என் குளியலறையின் வலச்சுவர் அந்தப் பாட்டு.
உறையில் சிரிப்பவள் டென்மார்க்காரி,
டிவியில் என் குரலுக்கு வாயசைத்தவள்.
கெட்டவள் இல்லை.
ஒரு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினாள்.

பிறகு அது சாகவே இல்லை.
போலந்தில் மணப்பெண்கள் மேசைமேல் ஏறுவது அதற்குத்தான்.
மெக்ஸிகோவில் ஒரு குத்துச்சண்டைக்காரர்
அதைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தார்.
தோற்றார்.
யாரோ ஒருவன் கணினியில் வைத்து
அந்தக் கைத்தட்டலைத் தாளத்துக்குள் நகர்த்தி
புதுசாக வெளியிட்டான்.
ஒருவரும் வாங்கவில்லை.
போன வருடம் ஒரு கால்பந்து அரங்கம்,
நாற்பதாயிரம் ஜோடிக் கைகள்,
நாற்பதாண்டு முன் செத்த அதே கொசுவை
சரியாக அதே சந்தில் வைத்துக் கொன்றன.

எரிவாயு அலுவலகத்துக்குப் போன் செய்தால்
காத்திருக்கும் நேரத்துக்கு
என்னையே எனக்குப் போட்டுவிடுகிறார்கள்.
பில் தகராறு; இருபது நிமிடம்.
இருபத்தைந்து வயதுக்காரி களைக்காமல் பாடுகிறாள்,
நான் முழங்காலைத் தேய்த்தபடி கேட்கிறேன்.
கடைசியில் ஒரு பையன் வந்து
மன்னிக்கவும் என்றான்.
விடப்பா,
அந்தச் சொல் இல்லாமல்தான்
நாங்கள் இவ்வளவு தூரம் வந்தோம்.

நேற்றிரவு குளியலறையில் ஒரு கொசு.
வலச்சுவர், நான்காம் வரிசை,
மூலை உடைந்த டைலின் மேல்.
இரு கையையும் விரித்துவிட்டேன்.
விரித்தபடியே நின்றேன்.
வோல்மெருக்கு வீடு வந்தது,
டொரான்டோவுக்கு இரண்டாம் மனைவியும் படகும்.
யோசித்தால்
அந்தப் பாட்டில் பங்கு வராதவர்கள் இரண்டே பேர்.

கையை இறக்கி முழங்கையை நீட்டினேன்.
அவசரமில்லாமல் வந்து உட்கார்ந்தது,
எண்ணிப் பார்த்து வாங்குபவரைப்போல.

இன்னும் அரிக்கிறது.